எட்டாம் நாள் குருத்து

மிஸ் நெல்டாவை எங்கள் ஊரில் பாதிப் பேர் முதன்முதலில் பின்னந்தலையாகத்தான் பார்த்தோம். முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இருக்கைக்கு மேலே இருந்த நீளக் கண்ணாடியில் அவருடைய கண்கள் மட்டும் தெரியும். அந்தக் கண்கள் கடைசி வரிசை வரைக்கும் வரும். இன்று எங்கள் வேட்டை கிளப்பில் இருக்கும் இருபது ஆண்களில் பதின்மூன்று பேர் அந்தப் பேருந்தில் போனவர்கள். எல்லாருக்கும் நரைத்துவிட்டது, தொப்பை விழுந்துவிட்டது. ஆனாலும் அவர் "உக்காரு" என்றால் இன்னமும் உட்கார்ந்துவிடுவார்கள்.

கிளப்பில் மொத்தம் இருபத்தொரு இடம். நிலத்துக்குச் சொந்தக்காரரான மரக் கம்பெனி அதற்குமேல் ஒரு ஆளைக்கூட விடாது. இருபத்தொன்றாவது இடம் நெல்டாவின் கணவர் ஹாய்ட் புரூவிட்டுடையது. போன வருடம் ஜனவரியில் ஹாய்ட் மாரடைப்பில் போய்விட்டார். உறுப்பினர் இறந்தால் மனைவி ஒரு பருவம் அந்த இடத்தை வைத்துக்கொள்ளலாம், பிறகு கிளப் ஓட்டெடுத்து முடிவு செய்யும் என்பது விதி. இதுவரை எந்த மனைவியும் அந்த ஒரு பருவத்துக்குக்கூட வந்ததில்லை. நெல்டா வந்தார். நவம்பரில் இரண்டு மான் அடித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரே குண்டு.

மார்ச் மாதக் கூட்டத்தில் தலைவர்தான் பேச்சை எடுத்தார். தலைவர் என் அப்பா, ராய்ஸ்.

"மிஸ் நெல்டா, நீங்க எப்ப வேணா வாங்க. ஹாய்ட் மானுக்குக் காத்து உக்காந்த பரணப் பாத்துட்டுப் போங்க. உங்கள யாரு தடுக்கப் போறா? ஆனா அந்த இடம்னு வரும்போது..."

"பரணக் கும்பிட்டுட்டுப் போறதுக்கு நான் என்ன சர்ச்சுக்கா வரேன்? நான் சுட வரேன் ராய்ஸ்."

அந்த இடத்தைத் தன் மைத்துனனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர் கிப் ஹார்குரோவ். நகரத்துப் பல் டாக்டர், சேர்ந்து மூன்று வருடம்தான். நல்ல மனிதர், ஆனால் எதையும் ஆள் வைத்துச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று நினைப்பவர். அவர் தொண்டையைக் கனைப்பதற்குள் நெல்டா ஒரு பேரம் வைத்தார்.

"நீளவயல எங்கிட்ட விடுங்க. ஜூன் கடைசி சனிக்கிழமை எல்லாரும் வந்து பாருங்க. பயறு நின்னா இடம் எனக்கு. புல்லு நின்னா நானே கெளம்பிடறேன்."

சிரித்தார்கள். நீளவயல் எட்டு ஏக்கர் கரிசல். கோடையில் குட்டி போட்ட பெண் மானும் கொம்பு வளர்க்கிற ஆண் மானும் மேய்வதற்காகக் காராமணியும் மொச்சையும் விதைப்பது அங்கேதான். மூன்று வருடமாக எங்கள் ஆண்கள் அங்கே பயறு விதைத்து ஜான்சன் புல் அறுவடை செய்துகொண்டிருந்தார்கள். சோளத்துக்குப் பங்காளி அந்தப் புல். ஆள் உயரம் வளரும், நடுவில் வெள்ளை நரம்பு ஓடும், மான் அதை முகர்ந்துகூடப் பார்க்காது. அந்த வயலை ஒரு பெண்பிள்ளை கேட்டதும் யாரும் மறுக்கவில்லை. டாக்டர்கூடக் கை தூக்கினார்.

நான் ஆறு வருடம் வெளிநாடுகளில் சுற்றிவிட்டு ஏப்ரலில்தான் திரும்பியிருந்தேன். அப்பா என்னைப் பத்து நாள் பொறுத்தார். "வீட்டுக்குள்ளயே இப்படி நடந்துக்கிட்டு இருந்தா தரை தேஞ்சிரும். போயி நீளவயல்ல நட. அந்தம்மா என்ன பண்றாங்கன்னு பாத்துச் சொல்லு" என்றார். இப்படித்தான் நான் வேவு பார்க்கப் போனேன். நெல்டாவுக்கு அது முதல் நாளே தெரிந்துவிட்டது. "ராய்ஸ் அனுப்புனாரா? சரி, வேலியோரமா நில்லு. பயற மிதிக்காத" என்றார்.

மே நடுவில் விதைத்தார். பிறகு ஒரு மாதம் மழை இல்லை. பயறு இரண்டு இலையோடு முனகிக்கொண்டு நின்றது. புல் மட்டும் எங்கிருந்தோ ஈரம் குடித்து முழங்கால் உயரம் வந்தது. அந்தப் புல்லை மட்டும் கொன்று பயறை விட்டுவிடும் மருந்து கடையில் கிடைக்கும். நெல்டா அதை வாங்கிவைத்துவிட்டு அடிக்காமல் இருந்தார். கிளப்பில் ஒவ்வொருவராக வேலிப்பக்கம் வண்டியை நிறுத்திக் கேலி செய்தார்கள்.

"மிஸ் நெல்டா, பயறு எங்கீங்க? புல்லுக்குள்ள கண்ணாமூச்சி ஆடுதா?"

"டூயி, நீ மூணாங்கிளாஸ் படிக்கறப்ப என் பஸ்சுல வாந்தியெடுத்துட்டு சீட்டுக்கடியில ஒளிஞ்சவன். கண்ணாமூச்சியப் பத்தி நீ பேசாத."

அவன் போனதும் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "காய்ஞ்சு கெடக்கற புல்லு மருந்தக் குடிக்காது. மழை பெஞ்சு அது குஷியா வளரணும். அப்ப அடிச்சாத்தான் உள்ள எறங்கும்." சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார். கையில் இருந்த வேலிக்கம்பியை விரல் வெளுக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் பதினேழு, செவ்வாய்க்கிழமை மழை வந்தது. வெள்ளிக்கிழமை காலை காற்று அடங்கியிருந்தபோது டிராக்டரில் தெளிப்பான் தொட்டியை மாட்டினார். கூட்டத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது.

தொட்டி அறுபது கேலன். ஒரு தொட்டி நாலு ஏக்கருக்கு வரும். வயலின் மேல்பாதிக்கு ஒன்று, ஓடையை ஒட்டிய கீழ்ப்பாதிக்கு ஒன்று. ஒவ்வொரு தொட்டிக்கும் தண்ணீர், மருந்து, கடைசியாக ஒரு கேன் எண்ணெய். ஜான்சன் புல்லின் இலையில் மெழுகு மாதிரி ஒரு பூச்சு உண்டு. எண்ணெய் சேரவில்லை என்றால் மருந்து சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த தண்ணீர் போல உருண்டு ஓடிவிடும்.

மேல்பாதி முடிந்தது. இரண்டாவது தொட்டிக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது டாக்டரின் வெள்ளை வண்டி வந்து நின்றது.

"ரெண்டு வாரம் முன்னாடியே அடிச்சிருக்கணும் மிஸ் நெல்டா. இவ்வளவு பெருசா வளந்தப்புறம் சாகுமா?"

"டாக்டர், நான் உங்க வாடிக்கைக்காரங்க வாயில கை விடறதில்ல. நீங்க என் தொட்டிக்குள்ள விடாதீங்க."

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "தப்பா நெனைக்காதீங்க. அடுத்த சனிக்கிழமை கூட்டத்துக்கு நான் சட்டிக் கலப்பையக் கொண்டாறேன். புல்லு பச்சையா நின்னுச்சுன்னா அன்னைக்கே மொத்தத்தையும் உழுதுடலாம். ஆள் பேசிட்டேன், அவங்க வந்து மறுபடி விதைச்சுக் குடுத்துடுவாங்க. உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்" என்றார்.

கால் மணி நேரம் இப்படிப் பேசினார். அவர் போனபிறகு நெல்டா டிராக்டரில் ஏறிக் கீழ்ப்பாதியை அடித்து முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நான் வயலுக்குப் போனபோது, தன் வண்டியின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு கேனை வெளியே எடுத்து வைத்திருந்தார். எண்ணெய்க் கேன். மூடியின் சீல் உடையாதது.

"எத்தன வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு. ஆனா ஹாய்ட் ஷெட்டுல பழைய கேன் ஒண்ணு கெடந்துச்சு. அதையும் எடுத்தாந்தேன்னுதான் நெனைக்கறேன். அப்படின்னா இது மூணாவது."

ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தோம். பழைய கேன் அங்கே இல்லை. ஆனால் அது என்றைக்குத் தீர்ந்தது என்று சொல்ல ஹாய்ட் இல்லை. காலிக் கேன்களை நெல்டா வெள்ளிக்கிழமையே குப்பையோடு அனுப்பிவிட்டிருந்தார்.

"முப்பத்தொரு வருஷம், தெனம் ரெண்டு வேளை, அம்பத்திரண்டு பிள்ளைங்கள எண்ணினேன். ஒரு நாளும் ஒண்ணு கொறஞ்சதில்ல. ரெண்டு கேன எண்ணத் தெரியல எனக்கு" என்றார்.

திங்கள், செவ்வாய், புதன். அந்த மருந்தின் குணம் இதுதான்: அடித்தது தெரியாமல் வேலை செய்யும். புல் வாடாது, சுருளாது. ஒரு வாரம் பச்சைப்பசேலென்று நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கும். பழுப்பாக இரண்டு வாரம் ஆகும். அதுவரை ஒரே ஒரு சோதனைதான் உண்டு. நடுக்குருத்தைப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். செத்த புல் என்றால் குருத்து அடியில் அழுகிப்போய், வெண்ணெயில் சொருகிய கத்தி மாதிரி கழன்று வரும். உயிருள்ள புல் என்றால் வராது. ஆறேழு நாளுக்கு முன்னால் இழுத்துப் பார்த்தும் பயனில்லை.

நெல்டா தினமும் வந்தார், வேலியோரம் நின்றார், ஒரு புல்லையும் தொடவில்லை.

வியாழக்கிழமை, அவர் வருவதற்கு முன்னால், நான் உள்ளே இறங்கினேன். மேல்பாதியில் பத்து இடத்தில் இழுத்தேன். ஒன்பது குருத்து கழன்று வந்தது. அடிநுனி காப்பி நிறத்தில் குழைந்து, லேசாக நாறியது. கீழ்ப்பாதிக்கு ஓடினேன். முதல் குருத்து வரவில்லை. இரண்டாவதைப் பலமாக இழுத்தேன். இலை என் உள்ளங்கையை அறுத்துவிட்டு அங்கேயே நின்றது. பத்தில் ஒன்றுகூட வரவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பா கேட்டார்.

"எப்படி இருக்கு?"

"பச்சையாத்தான் இருக்கு."

"மொத்தமுமா?"

"மொத்தமும் பச்சைதான்."

அவர் முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு என் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை நெல்டாவின் வீட்டுக்குப் போனேன். கார் நிறுத்தும் கொட்டகையில் தர்பூசணி அறுத்துக்கொண்டிருந்தார்.

"கீழ்ப்பாதி வரல மிஸ் நெல்டா."

"தெரியும்."

"இழுத்துப் பாத்தீங்களா?"

"பாக்கணுமா? ஒரு பிள்ள ஏறாம பஸ்ஸ எடுத்தா ஓட்டறவ முதுகுக்கே தெரியும். இந்தா, சாப்பிடு."

சாப்பிட்டேன். ருசியே தெரியவில்லை. மனதில் இருந்ததைச் சொன்னேன். "எல்லாரும் மேல்வாசல் வழியாத்தான் வருவாங்க. இந்த வெயில்ல ஓடை வரைக்கும் ஒருத்தரும் நடக்க மாட்டாங்க."

"நடக்க மாட்டாங்க" என்று ஒப்புக்கொண்டார். கத்தி ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. "மேல்பாதியில இழுத்துக் காட்டினா போதும். ஓட்டுப் போட்டுட்டாங்கன்னா மாத்த முடியாது, விதி அப்படி. மறுபடி மருந்தடிக்க ரெண்டு வாரம் விடணும். கணக்குப் பாரு, ஜூலை நாலு, சுதந்திர தினம் வருது. ஊரே பட்டாசு வெடிச்சுக்கிட்டிருக்கும். நான் எண்ணெயும் மருந்துமா கீழ்ப்பாதிய முடிச்சுட்டு வந்துடுவேன். ஆகஸ்ட்டுல பாக்கறவனுக்கு என்ன தெரியும்?"

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பா நேராகக் கேட்காதவரை நான் வாய் திறக்கப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்குள்ளேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மேல்வாசலில் பதினாறு வண்டிகள். டாக்டரின் வண்டிக்குப் பின்னால் சட்டிக் கலப்பை சங்கிலி போட்டு நின்றது. அதன் வட்டத் தட்டுகளில் காலை வெயில் பட்டுக் கண்ணைக் குத்தியது.

வயல் பச்சையாக இருந்தது. எட்டு ஏக்கரும். இடுப்பளவு புல்லுக்குக் கீழே பயறு இருக்கிறது என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

ஒருவரும் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. டூயிகூடத் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். டாக்டர் மெதுவாகப் போய்க் கலப்பையின் சங்கிலியை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்றார் நெல்டா. "எல்லாரும் உள்ள எறங்குங்க. ஆளுக்கொரு புல்லு. நடுக்குருத்தப் பிடிச்சு இழுங்க."

"எதுக்கு?" என்றார் அப்பா.

"இழுங்க ராய்ஸ்."

இருபது ஆண்கள் குனிந்து இழுத்தார்கள். பிறகு டூயி, "ஐயய்யே, அழுகிப்போச்சு!" என்று கத்தினான். ஒவ்வொருவர் கையிலும் குருத்து. முகர்ந்து பார்த்தார்கள், முகம் சுளித்தார்கள், அடுத்ததை இழுத்தார்கள். ஐம்பது வயதுக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு பிடுங்கினார்கள். டாக்டரும் இழுத்தார். கையில் வந்த குருத்தின் அடியை, சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செத்துப்போயிதான் நிக்குது" என்றார். "நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்."

"அப்ப முடிஞ்சுது. இங்கயே கை தூக்கிடலாம், எதுக்கு கிளப்போட கேம்ப் கொட்டகை வரைக்கும் போகணும்?" என்றார் அப்பா. "மிஸ் நெல்டாவுக்கு இடம் குடுக்கச் சம்மதம்னா..."

கைகள் எழும்ப ஆரம்பித்தன. பத்து, பன்னிரண்டு. நான் எண்ணினேன். நெல்டா எண்ணவில்லை. அவர் அந்தக் கைகளைப் பார்க்காமல் ஓடைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைய எறக்குங்கடா" என்றார். "இன்னும் பாதி வயல் பாக்கியிருக்கு."

அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னால் நடந்தார். வேறு வழியில்லாமல் இருபது பேரும் பின்னால் நடந்தார்கள். கால் மைல் வெயில். கீழ்ப்பாதியில் நின்று, "இங்கயும் இழுங்க" என்றார்.

இழுத்தார்கள். புல் கீச்சென்று சத்தம் போட்டது, வரவில்லை. யாரோ கையை அறுத்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொன்னார்.

"இந்த நாலு ஏக்கருக்கு நான் எண்ணெய் ஊத்தாம அடிச்சிருக்கேன்" என்றார் நெல்டா. "மறந்துட்டேன். யாரு மேலயும் பழியில்ல."

அப்பா என்னைப் பார்த்தார். நான் என் உள்ளங்கைக் கட்டைப் பார்த்தேன்.

"அப்ப பேரத்துல பாதி தோத்துட்டீங்க" என்றார் டாக்டர். குரலில் குத்தல் இல்லை. அதனாலேயே அதிகம் வலித்தது. "நான் கலப்பைய எறக்கறேன். இந்தப் பாதிய மட்டும் உழுதுடலாம்."

"எறக்குங்க. அதுக்கு முன்னாடி இதப் பாருங்க." நெல்டா மண்டியிட்டு, பாக்கெட் கத்தியால் ஒரு புல்லின் அடியைத் தோண்டினார். விரல் தடிமனில் வெள்ளை வேர்த்தண்டு ஒன்று நீளமாக வந்தது. அதை முழங்கால் மேல் வைத்துத் துண்டு துண்டாக நறுக்கினார். "இதுல கணு இருக்கற ஒவ்வொரு துண்டும் மொளைக்கும். சட்டி ஓட்டினா இதத்தான் பண்ணும். மூணு வருஷமா புல்லு ஏன் ஏறிக்கிட்டே வந்துச்சு? மூணு வருஷமா ஒவ்வொரு ஜூனும் இத யாரு உழுதது?"

உழுதது என் அப்பா. அது எல்லோருக்கும் தெரியும். அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். நெல்டா இப்போது தன் கதவைத் தானே சாத்திக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். தப்பை ஒப்புக்கொண்டவரை மன்னிக்கலாம். இருபது பேர் முன்னால் தலைவரின் தப்பைச் சொன்னவரை?

"கை தூக்க வேணாம்" என்றார் அப்பா. "கேம்ப்புக்குப் போவோம். சீட்டு எழுதிப் போடலாம்."

கேம்ப்பில் வேர்க்கடலை வெந்துகொண்டிருந்தது; ஒருவரும் கிட்டப் போகவில்லை. டாக்டர் தீர்மானத்தைச் சொன்னார்: ஹாய்ட் புரூவிட்டின் இடத்தை எடுத்துத் தன் மைத்துனனுக்குக் கொடுப்பது. ஆம் அல்லது இல்லை. சீட்டுகள் ஒரு தொப்பியில் விழுந்தன. நெல்டா வெளியே போகவில்லை. மூலையில் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, எழுதுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலர் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுதினார்கள்.

அப்பா ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஆம். இல்லை. இல்லை. ஆம். ஒரு கட்டத்தில் ஒன்பது ஆம், ஏழு இல்லை. அடுத்து இன்னொரு ஆம். டூயி நகத்தைக் கடித்தான். பிறகு வரிசையாக மூன்று இல்லை.

"பத்துக்குப் பத்து" என்றார் அப்பா கடைசிச் சீட்டை மடித்தபடி. "சமமா வந்தா தீர்மானம் தோத்ததாத்தான் அர்த்தம். இடம் அவங்களோடது."

கைதட்டல் இல்லை. நாற்காலிகள் நகர்ந்தன. டாக்டர் நேராக நெல்டாவிடம் போய்க் கை நீட்டினார். "நான் ஆம்னுதான் போட்டேன். ஒளிச்சுப் பேச வேண்டியதில்ல."

"எழுதறப்பவே பாத்தேன்" என்றார் நெல்டா, கையைக் குலுக்கியபடி. "நாலாந்தேதி கீழ்ப்பாதிக்கு மருந்தடிக்கத் தண்ணி வண்டிய நீங்க இழுத்துட்டு வாங்க. உங்க வண்டிதான் பெருசு. தொட்டி ரொம்பறப்ப வாயத் தொறக்கக் கூடாது."

"எத்தன மணிக்கு?"

"ஆறு."

டாக்டர் தலையாட்டிவிட்டுக் கடலைப் பானைப் பக்கம் போனார்.

யார் எந்தப் பரணில் இருக்கிறார்கள் என்று தெரிவதற்காகச் சுவரில் ஒரு வரைபடப் பலகை உண்டு. கொக்கிகளில் பித்தளை வில்லைகள் தொங்கும், ஆளுக்கொரு எண். நெல்டா அதன் முன்னால் போய் நின்றார். பதினாலாம் எண்ணைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அது இங்கதான் தொங்கணும் மிஸ் நெல்டா" என்றார் அப்பா.

"இது ஹாய்ட்டோடது. வீட்டுக்குக் கொண்டுபோறேன். எனக்கு இருபத்திரண்டுன்னு ஒண்ணு அடிச்சுக் குடுங்க."

"இருக்கறதே இருபத்தொரு இடம். இருபத்திரண்டுன்னு நம்பர் எப்படி வரும்?"

"நான் ஓட்டின பஸ் நம்பர் நாப்பத்தேழு. ஊர்ல மொத்தம் ஒம்பது பஸ்தான் இருந்துச்சு. யாராவது கேட்டீங்களா?"

அப்பா மேசை இழுப்பறையைத் திறந்து வெறும் வில்லை ஒன்றைத் தேடி எடுத்தார். எண் அடிக்கும் உளியையும் சுத்தியலையும் எடுத்தார். முதல் ‘2’ கொஞ்சம் சாய்ந்து விழுந்தது. நெல்டா பக்கத்தில் நின்று, "நேராப் பிடிங்க" என்றார். அப்பா உளியைத் திருத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை ஓங்கி அடித்தார்.